பிழை அந்தப் பிள்ளையில் இல்லை, 3 மில்லிமீற்றர் இடைவெளியில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் கடைசி நாளன்று பிளேன் விழுந்த வீடியோவைப் பார்த்தவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். பார்க்காதவர்கள் அதைத் தேடிப் போக வேண்டாம்.

அந்த வீடியோ 22 வினாடிதான். ஒரு சின்னப் பிளேன் கையிலிருந்து கிளம்பி, கொஞ்சம் உயர்ந்து, வலது பக்கம் சரிந்து, வளைந்து வந்து, தரம் 1 பிள்ளைகள் இருந்த கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நிலத்தில் குத்துகிறது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். "இவன்ட கையில குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு குரல் கேட்கிறது. அன்று இரவே ஊரில் உள்ள வட்சப் குழுமங்களில் அது சுற்றியது. அடுத்த நாள், ரிமோட் பிடித்த தரம் 10 மாணவனுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. அதை இங்கே எழுத மாட்டோம்.

அந்தப் பிள்ளையிடமும் அவரது வாப்பாவிடமும் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். சொல்ல வந்தது ஒன்றுதான். பிளேன் விழுந்தது அவனால் அல்ல, நாங்கள் செய்த வேலையால். நாங்கள் என்றால் விஞ்ஞானக் கழகம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்த "நாங்கள்" என்பதற்குள் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். பிழை செய்த கை பொறுப்பாசிரியரின் கை. எப்படி என்று விபரமாகச் சொன்னால்தான் அவனைப் பற்றிச் சொன்ன சொற்கள் திரும்பிப் போகும்.

முதலில் பிளேனைப் பற்றி.

கழகத்தில் 14 பிள்ளைகள். ஆரம்பத்தில் மீன் பெட்டி ரெஜிபோமை வெட்டி, கையால் எறிகிற பிளேன்கள்தான் செய்தோம். பிறகு, பழைய மாணவர் ஒருவர் தான் பாவித்த மோட்டர், ரிமோட், பெட்டரி, நாலு சேர்வோ எல்லாவற்றையும் தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். புத்தகக் கடையில் விற்கும் 5 மில்லிமீற்றர் போம் போட்டை வாங்கி, கட்டரும் குளூ கன்னும் வைத்து, மூன்று மாதம் பின்னேரங்களில் உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்தோம். இறக்கை நுனிக்கு நுனி 120 சென்ரிமீற்றர். பெட்டரியோடு நிறை 700 கிராம் அளவில் வந்தது.

இறக்கையின் பின்விளிம்பில், நுனிப் பக்கமாக, மேலும் கீழும் அசைகிற ஒரு நீளத் துண்டு இருக்கும். எய்லரொன் என்று பெயர். எங்கள் பிள்ளைகள் அதைக் "காது" என்பார்கள். ஒரு பக்கக் காது மேலே போனால் மற்றப் பக்கக் காது கீழே போகும். காது கீழே இறங்கிய இறக்கையில் தூக்கும் விசை கூடும், மேலே ஏறிய இறக்கையில் குறையும். அதனால்தான் பிளேன் ஒரு பக்கம் சரிந்து திரும்புகிறது. வாலில் உள்ள துண்டுகளும் இதே மாதிரித்தான். நிமிர்ந்து நிற்பது தோணிக்குச் சுக்கான் மாதிரி. படுத்திருப்பது மூக்கைத் தூக்கவும் இறக்கவும். இந்தத் துண்டுகள் எல்லாமே பிணைச்சலில்தான் தொங்குகின்றன, வீட்டுக் கதவு மாதிரி.

பிணைச்சலுக்கு நாங்கள் பழைய பைல் கவர் பிளாஸ்டிக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினோம். ஒரு காதுக்கு மூன்று. துண்டின் ஒரு பாதி இறக்கைக்குள், மறு பாதி காதுக்குள். இரண்டிலும் கட்டரால் கீறி, செருகி, பசை விட வேண்டும். செருகும்போது காதை இறக்கையோடு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அசைந்தால் போதும் என்று நினைத்தோம்.

இடது காதைப் பொருத்தியது அந்தத் தரம் 10 பிள்ளை. இரண்டு பின்னேரம் எடுத்தான். முன்விளிம்பை 45 பாகையில் சரித்து வெட்டி, காது கீழே போகும்போது இறக்கையில் முட்டாத மாதிரி செய்து, ஒரு தபால் அட்டையை இடையில் வைத்து அளந்து ஒட்டினான். "சுறுக்கா முடி மகன்" என்று நாங்கள்தான் அவசரப்படுத்தினோம். வலது காது, போட்டிக்கு முதல் நாள் இரவு, இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு பொருத்தப்பட்டது. யார் பொருத்தியது என்று சொல்லத் தேவையில்லை. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. கையால் ஆட்டிப் பார்த்தோம். அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி லைட்டை அணைத்தோம்.

அடுத்த நாள் நடந்ததை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காததைச் சொல்கிறோம். அதிபருக்கும் பொலிசுக்கும் அறிவித்துவிட்டுத்தான் பறக்கவிட்டோம். ஆனாலும் சனம் நிற்கிற மைதானத்தில், இதுவரை ஒரு முறையும் பறக்கவிட்டுப் பார்க்காத பிளேனை எடுத்ததே முதல் பிழை. பிரதம அதிதி வந்திருக்கிறார், இடைவேளையில் காட்டுவோம் என்று ஆசைப்பட்டோம். கடற்காற்று குறுக்கே அடித்தது. பிளேன் விழுந்த இடத்துக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நடுவில் பத்தடிதான் இருந்தது. அந்தப் பத்தடியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. ஒரு பிள்ளைக்கும் கீறல் கூட இல்லை. அதற்கு அல்லாஹ்வுக்குத்தான் நன்றி. எங்கள் கவனத்துக்கு அல்ல.

விழுந்த பிளேனை நோக்கி நாங்கள் ஓடும்போது அவன் பின்னால் வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. சொன்னது ஒரே ஒரு வசனம்.

"சேர், நான் இடது பக்கம் முழுசாத் தள்ளிட்டன். பிளேன் கேக்கல்ல சேர்."

அதை நாங்கள் காதில் எடுக்கவில்லை. அதிதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெற்றோர் கத்தினார்கள். "கையில குடுத்தத ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? பேசாம போ அங்கால" என்று எல்லோர் முன்னாலும் ஏசினோம். அந்த வார்த்தை வீடியோவில் பதியவில்லை. ஆனால் அங்கே நின்ற 200 பேர் கேட்டார்கள். "இவன்ட கையில குடுத்தா இப்படித்தான்" என்று பிறகு ஊர் சொன்னதற்கு அத்திவாரம் போட்டது நாங்கள்தான்.

அடுத்த கிழமையிலிருந்து அவன் கழகத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமை பாடசாலைக்கே இரண்டு நாள் வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்றார்கள்.

உடைந்த பிளேன் ஆய்வுகூட அலுமாரிக்கு மேலே கிடந்தது. மோட்டரைக் கழற்றி எடுப்போம் என்று ஒரு நாள் இறக்கினோம். தரம் 8 மாணவி ஒருவர் இறக்கையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், இந்தப் பக்கம் வெளிச்சம் வருது. அந்தப் பக்கம் வரல்ல" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். வலது காதுக்கும் இறக்கைக்கும் இடையில், பிணைச்சல் இருந்த மூன்று இடத்தையும் தவிர, நீளத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. அடிமட்டத்தை வைத்து அளந்தோம். ஒரு முனையில் 3 மில்லிமீற்றர், மறு முனையில் 4. இடது பக்கத்தில் அந்தத் தபால் அட்டையின் தடிப்புத்தான். இரண்டு இறக்கையும் முழுசாக இருந்தன. ஆகவே இது விழுந்ததால் வந்த இடைவெளி அல்ல. பசை காய்ந்திருந்த விதமே அதைச் சொன்னது.

அப்போதும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. 3 மில்லிமீற்றரில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. சரி, பரிசோதனை செய்வோம் என்றோம். தையல் நூலை 5 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, இரண்டு இறக்கைக்கும் அடிப்பக்கத்தில், இடைவெளிக்குக் கொஞ்சம் முன்னால் வரிசையாக ஒட்டினோம். இறக்கையைக் கொஞ்சம் முன்பக்கம் தூக்கலாகப் பிடித்து, காதைக் கீழே இறக்கி வைத்து, ஸ்டான்ட் பேனுக்கு முன்னால் காட்டினோம். இடது பக்க நூல்கள் காற்றோடு பின்னால் படுத்தன. வலது பக்க நூல்கள் ஒவ்வொன்றாக இடைவெளிக்குள் நுழைந்து மேல்பக்கம் எட்டிப் பார்த்தன. பிள்ளைகள் "ஆ!" என்றார்கள். எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

காரணம் இதுதான். தரம் 10 விஞ்ஞானத்தில் அமுக்கம் படிக்கிற பிள்ளைக்கும் விளங்கும். பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றின் அமுக்கம் கூட, மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் பிளேனைத் தூக்கி வைத்திருக்கிறது. காது கீழே இறங்கும்போது அந்தப் பக்கத்தில் வித்தியாசத்தை இன்னும் கூட்டப் பார்க்கிறது. நடுவில் ஓட்டை இருந்தால் கீழே உள்ள காற்று அதற்குள்ளால் மேலே பாயும். கூட்டப் பார்த்த அமுக்க வித்தியாசம் ஓட்டை வழியே கசிந்துவிடும். வாளியில் தண்ணீர் நிரப்பும்போது அடியில் பொத்தல் இருப்பது மாதிரி.

கச்சான் காற்றுக் காலத்தில் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தாலும் கதவு இடுக்கால் காற்று விசிலடித்துக்கொண்டு வரும். பேப்பரை மடித்து அந்த இடுக்கில் செருகினால்தான் அடங்கும். அதே விஷயம்தான்.

இன்னும் இருக்கிறது. காற்று கொடுக்கும் விசை கதியின் வர்க்கத்தோடு மாறும். கதி பாதியானால் விசை காற்பங்காகிவிடும். கையால் எறிந்து கிளப்பும்போது பிளேன் மெதுவாகத்தான் போகும். அந்த நேரத்தில் காதுகளுக்கு இயல்பாகவே பலம் குறைவு. அந்தக் குறைந்த பலத்திலும் ஒரு பங்கு கசிந்துபோனால் மிஞ்சுவது என்ன? அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கசிந்திருந்தால் பிளேன் மந்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் கசிந்ததால் வலது இறக்கை முதலிலேயே கொஞ்சம் தொய்ந்தது. குறுக்குக் காற்றும் சேர்ந்தது. அதை நிமிர்த்த அவன் ரிமோட்டை இடது பக்கம் தள்ளினான். அப்போது வேலை செய்ய வேண்டியது கீழே இறங்குகிற வலது காது. ஓட்டை இருந்ததும் அதே காதில்தான்.

அவன் சொன்னது உண்மை. முழுசாகத் தள்ளியிருக்கிறான். பிளேன் கேட்கவில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. மொடல் பிளேன் செய்கிறவர்களுக்கு இது பழைய பாடம். இடைவெளியை முடிந்தளவு சிறிதாக்கு, பிறகு அதையும் டேப்பால் மூடு என்பார்கள். பெரிய கிளைடர்களில், அதாவது ஆள் ஏறி எஞ்சின் இல்லாமல் பறக்கிற பிளேன்களில், இறக்கைக்கும் அசைகிற துண்டுகளுக்கும் இடையிலுள்ள கோடுகளை விசேஷ டேப் ஒட்டி மூடுவது சாதாரண வழக்கம். இடைவெளியும் பிணைச்சலின் தளர்வும் சேர்ந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேகமாகப் போகும்போது அந்தத் துண்டு தானாகவே படபடவென்று அடிக்கத் தொடங்கும். சில வினாடிகளில் பிய்த்துக்கொண்டு போகவும் முடியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் ஒரு பிள்ளையின் தலையில் பழியைக் கட்டியதுதான் குற்றம்.

அன்று அஸருக்குப் பிறகு, அந்த வலது இறக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். தரம் 8 மாணவியும் அவரது உம்மாவும், இன்னும் நாலு பிள்ளைகளும் வந்தார்கள்.

அவனுடைய வாப்பா ஓடாவி. வாசலில் கதவு நிலை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "சேர், அவன் இனி பிளேன் கிளேன் எண்டு வரமாட்டான். படிக்கட்டும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"படிப்பிக்க வரல்ல. மாப்புக் கேட்க வந்திருக்கம்" என்றோம். இறக்கையை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். எந்தப் பக்கம் மகன் செய்தது, எந்தப் பக்கம் ஆசிரியர் செய்தது என்பதையும் சொன்னோம்.

அவர் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் நகத்தை அந்த இடைவெளிக்குள் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தார். நகம் தடையில்லாமல் போனது.

"சேர், கதவுக்கு நாங்க இடைவெளி விடுவம். மழைக்கு மரம் ஊதும், விடாட்டி இறுகிப்போகும். இது ஊதாதே. இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார்.

பதில் இல்லை. பல்கலைக்கழகம், ஆசிரியர் கலாசாலை எல்லாம் தாண்டி வந்தவர்களுக்கு ஓடாவி வீட்டு வாசலில் ஒரு பாடம்.

அவன் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியில் வந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னோம். "மகன், நீ சொன்னது சரி. பிளேன் கேக்கல்ல. நாங்களும் கேக்கல்ல. எங்கள மாப்பாக்கு." ஏசியது பலர் முன்னால். மாப்புக் கேட்பது மட்டும் தனியாக, காதோடு காதாக என்றால் அது நீதியாக இராது என்றுதான் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். இந்தப் பதிவையும் அதற்காகத்தான் எழுதுகிறோம்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாப்பாவின் கையிலிருந்த இறக்கையை வாங்கினான். "இதுக்கு டேப் அடிச்சாச் சரி வருமா சேர்?" என்று கேட்டான்.

உள்ளே இருந்து அவனுடைய உம்மா, "பிளேன் இல்லாட்டியும் பிளேன்டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க சேர்" என்றார். அந்த இரண்டு கிழமையில் முதன்முதலாகச் சிரித்தோம்.

பிறகு அவனே முன்னால் நின்று செய்தான். இதைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்காக விபரமாக எழுதுகிறோம். உங்கள் மகனோ மகளோ ரெஜிபோமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் வலது காதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தபால் அட்டையை இடையில் வைத்து மறுபடி பொருத்தினான். டேப் என்பது பிழையான வேலையை மறைக்க அல்ல. இடைவெளியை முதலில் ஒரு மில்லிமீற்றருக்குள் கொண்டுவர வேண்டும், அது நீளத்துக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் மூடுவது.

அடுத்தது, ஒட்டுகிற இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து முழுதாகக் காய விட்டான். போம் தூசு இருந்தால் டேப் இரண்டு நாளில் எழும்பிவிடும்.

பிறகுதான் முக்கியமான இடம். டேப் அடிப்பக்கத்தில் ஒட்டப்படுகிறது. ஒட்டும்போது காதை முழுசாக மேலே தூக்கி வைக்க வேண்டும். காது மேலே இருக்கும்போதுதான் அடிப்பக்க இடைவெளி மிகக் கூட விரிந்திருக்கும். அந்த நிலையில் ஒட்டினால் டேப் எந்த அசைவுக்கும் போதும். நேராக வைத்து ஒட்டினால், காதை மேலே தூக்கும்போது டேப் இழுத்துப் பிடிக்கும். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் ஒட்டினோம். சேர்வோ "ங்ங்" என்று முனகியது. கழற்றிவிட்டு மறுபடி செய்தோம்.

டேப் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த பெக்கிங் டேப் சின்னப் பிளேனில் விறைப்பாக நிற்கும். ஒட்டிய பிறகு அடிமட்டத்தின் விளிம்பால் மெதுவாக அழுத்தி, டேப்பை இடைவெளிக்குள் கொஞ்சம் மடித்துவிட வேண்டும். இடைவெளிக்கு நேரே வருகிற டேப்பின் பசைப் பக்கம் உள்ளே ஒட்டிப்பிடிக்காமல் இருக்க, இன்னொரு ஒடுங்கிய டேப் துண்டைப் பசையோடு பசை சேர்த்து முதலே ஒட்டிவிடலாம். அல்லது கொஞ்சம் முகப்பவுடர் தடவலாம். நாங்கள் தடவியது பவுடர். ஒரு பக்கம் மட்டும் மூடினால் போதும். மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒட்டினால் அசைவு இறுகும்.

வேலை முடிந்ததும், சேர்வோவிலிருந்து காதுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு இறக்கையைப் பிடித்துப் பாருங்கள். காது தன் பாரத்தாலேயே தொங்க வேண்டும். எங்காவது நின்றால் இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு நூலும் பேனும். எங்கள் வலது பக்க நூல்கள் இம்முறை எல்லாமே பின்னால் படுத்தன. வாலில் உள்ள இரண்டு துண்டுகளுக்கும் இதையே செய்தோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூடிய பிறகு பிளேன் முன்னையை விடக் கூர்மையாகக் கேட்கும். அதனால் முதல் பறப்புக்கு ரிமோட்டில் அசைவின் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். வெயிலில் டேப்பின் பசை இளகும். ஆகவே ஒவ்வொரு முறையும் பறக்கவிட முன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் பறக்கவிட வேண்டும். சட்ட விதி என்ன என்று கேட்டறிந்து, அனுமதி பெற வேண்டிய இடத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கு முந்தின கிழமை காலைக் கூட்டத்தில் அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றிப் பேசினோம். 9ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் குர்துபா நகரில் வாழ்ந்தவர், 887இல் மரணித்தவர். இறக்கை கட்டிப் பறக்க முயன்றார் என்று சொன்னோம். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது என்று சொன்னோம். பிள்ளைகள் கை தட்டினார்கள். நாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அவரைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் அல் மக்கரி, அவர் பறந்ததை மட்டும் எழுதவில்லை. இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும், பறவை இறங்குவதற்கு வால் உதவுகிறது என்பதை அவர் கவனிக்காமல் வால் செய்யாமல் விட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

பல நூறு வருடம் கழித்து எழுதியவருக்கு அந்தப் பிழையையும் எழுத மனம் வந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கதையில் இன்றைக்கும் ஒரு விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. நாங்கள் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டோம். நம் ஊரில் நாம் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். முன்னோர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பகிர்வோம். நம் பிள்ளை ஒருவன் முயன்று விழுந்தால் வீடியோ எடுத்துப் பகிர்வோம்.

போன சனிக்கிழமை, சுபஹுக்குப் பிறகு, வெட்டி முடிந்த வயலுக்குப் போனோம். காற்று இன்னும் எழும்பவில்லை. ஆட்கள் என்று கழகப் பிள்ளைகளும், அவனுடைய வாப்பாவும், தூரத்தில் மாடு பார்க்கிற ஒருவரும் மட்டும்தான். யாரும் போன் எடுக்கக் கூடாது என்று முதலே சொல்லியிருந்தோம். ரிமோட்டை அவன் கையில் கொடுத்தோம். வாங்கத் தயங்கினான். வாப்பா தலையை ஆட்டினார்.

எறிந்தது நாங்கள். பிளேன் நேராகப் போனது. வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நெஞ்சு நின்றது. அவன் விரலை அசைத்தது கூட எங்களுக்குத் தெரியவில்லை. பிளேன் நிமிர்ந்தது. பிறகு பெரிய வட்டமாக ஒன்று, இன்னொன்று, வாய்க்கால் ஓரத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் போயின. நாலு நிமிடம் கழித்து மோட்டரை நிறுத்தி வைக்கோலில் வயிறு பட இறக்கினான். ஒரு மூலை கூட உடையவில்லை.

ஓடிப்போய்த் தூக்கியது அந்தத் தரம் 8 மாணவி. அவன் ஓடவில்லை. வாப்பாவைத் திரும்பிப் பார்த்து, "கேக்குது வாப்பா" என்றான். அவ்வளவுதான்.

அன்றைய பறப்பின் வீடியோ எங்களிடம் இல்லை. எடுத்திருந்தாலும் அவன் சம்மதம் இல்லாமல் போட்டிருக்க மாட்டோம். ஆகவே பதிலுக்குத் தருவதற்கு இந்த எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

அந்த 22 வினாடி வீடியோவைப் பகிர்ந்தவர்களிடம் கோபம் இல்லை. அவர்களுக்கு முன்னாலேயே பழியைச் சொன்னது நாங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்தான். அது எந்தக் குழுமத்தில் போனதோ அதே குழுமத்தில் இதையும் போடுங்கள். அவனைத் தெருவில் கண்டால் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லாதீர்கள். வாப்பா வைத்த பெயர் இருக்கிறது.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஒரு பிள்ளை "நான் செஞ்சன், ஆனா அது கேக்கல்ல" என்று சொன்னால் அதைச் சாட்டு என்று உடனே தள்ளிவிட வேண்டாம். கணக்கு வராத பிள்ளையாக இருக்கலாம், ஓத வராத பிள்ளையாக இருக்கலாம். ஏசுவதற்கு முன் நாங்கள் பொருத்திய பக்கத்தை ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம்.

கடைசியாக, மீன் பெட்டி ரெஜிபோம், பழைய பைல் கவர், மிஞ்சிய டேப், நூல் எது இருந்தாலும் எறியாமல் பாடசாலைக்கு அனுப்பிவிடுங்கள். கழகத்தில் இப்போது 14 அல்ல, 19 பிள்ளைகள். பிணைச்சல் வேலைக்குப் பொறுப்பு அவன். அவன் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தப் பிளேனும் வெளியில் போகாது. ஆசிரியர் பொருத்தியதாக இருந்தாலும் சரி.